‘போதும்மா’ என்றது யாரிடம்?

மனச்சோர்வுக்குச் சிகிச்சையாக ஒருவருக்குக் கீட்டமைன் என்ற மயக்க மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். பம்ப்பில் இன்னும் 16 மில்லி பாக்கி இருந்தபோதுதான் அவர் அதைச் சொன்னார். “போதும்மா. விட்டுடு.”

கண்ணை மறைத்துத் துணி கட்டியிருந்தது. குரல் தெளிவாக வந்தது. கீட்டமைனில் வழக்கமாக வரும் குழறல்கூட இல்லை. நான் மானிட்டரைப் பார்த்தேன். பி.பி. 148/92, ஆரம்பிக்கும்போது 130/84. ஆக்சிஜன் 98. மூச்சு சீராகப் போய்க்கொண்டிருந்தது. “சார், நான் பக்கத்துலதான் இருக்கேன். எல்லாம் சரியா போயிட்டிருக்கு” என்றேன். பதில் வரவில்லை. பம்ப்பை நிறுத்தவில்லை. மீதி 16 மில்லியும் ஓடி முடிந்தது.

நடந்தது அவ்வளவுதான். ஒன்றரை வருடம் ஆகிறது. இதைவிடப் பெரிய விஷயங்கள் எல்லாம் ஆபரேஷன் தியேட்டரில் நடந்து, அன்று இரவே மறந்து தூங்கியிருக்கிறேன்.

எடை 64 கிலோ, கிலோவுக்கு அரை மில்லிகிராம், மொத்தம் 32 மி.கி. அதை 40 மில்லியாகக் கரைத்து 40 நிமிடத்தில் ஏற்றுவேன். நிமிடத்துக்கு ஒரு மில்லி என்றால் கடிகாரத்தைப் பார்த்தே எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். யேல் பல்கலைக்கழகத்தில் ஏழே பேரை வைத்துச் செய்து 2000-ல் வெளிவந்த ஆய்வின் அளவு இது. இன்றும் உலகம் முழுக்க மனச்சோர்வுக்குக் கீட்டமைன் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும்போது கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. வரை ஒரே மூச்சில் ஏற்றுகிறவளுக்கு இது பிசாத்து டோஸ். அந்த அலட்சியம் எனக்குள் இருந்தது.

ஆரம்பிப்பதற்கு முன் நானேதான் அவரிடம் சொன்னேன்: “எப்ப வேண்டாம்னு தோணினாலும் சொல்லுங்க சார், உடனே நிறுத்திடுறேன்.” ஒப்புதல் படிவத்திலும் அதுதான் இருக்கிறது. ஆனால் ஊசி போடுமுன் “எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்” என்போமே, கிட்டத்தட்ட அந்த வாயால் சொன்னதுதான் இதுவும். உண்மையாகவே ஒருவர் நடுவில் சொல்வார், சொன்னால் என்ன செய்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

அவர் என்னிடம்தான் சொன்னாரா?

அன்று காலையிலிருந்து அவர் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டார். “சாப்பிடாம வந்துட்டேன் மேடம்”, “மாத்திரையை நிறுத்தணுமா மேடம்”. வயது 58, அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், யாரையும் மரியாதை குறைத்துப் பேசுகிற ஆள் இல்லை. அவர் என்னிடம் சொல்லியிருந்தால் “போதும் மேடம், நிறுத்திடுங்க” என்றுதான் வந்திருக்கும். ‘விட்டுடு’ என்று ஒருமையில் வந்ததால் அது எனக்கில்லை, அவர் உள்ளே யாரோ அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். இதுதான் என் கட்சி. பல நாள் இதை வைத்துத்தான் சமாதானமாக இருந்தேன்.

இந்தக் கட்சியை உடைத்தது எங்கள் சிஸ்டர். ஒரு நாள் டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னார்: “லைன் போடும்போது ‘மெதுவாம்மா’ன்னாரே, அந்த சார்தானே?” அதுவும் நடந்திருக்கிறது. நம் ஊரில் ‘ம்மா’ என்பது பெற்றவளுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு, ஊசி போடுகிறவளுக்கும் காய்கறிக்காரிக்கும் உண்டு. அப்புறம், தலைக்குள் கீட்டமைன் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மனிதர் விகுதி பார்த்தா பேசுவார்? நான் இலக்கணத்தை வைத்து ஒரு ஒப்புதலைத் தீர்மானித்துக்கொண்டிருக்கிறேன்.

கண்ணீரும் வந்தது. துணிக்குக் கீழே இரண்டு பக்கமும் வழிந்தது. அழுதாரா? கீட்டமைன் எச்சிலையும் கண்ணீரையும் தானாகவே சுரக்க வைக்கும். அதை நான் காஸ் துணி வைத்து ஒற்றி எடுத்தேன், எச்சிலைத் துடைக்கிற மாதிரியே.

இதில் என் தொழிலின் பங்கும் இருக்கிறது. பதினெட்டு வருடமாகக் கீட்டமைன் கொடுக்கிறேன். தீக்காயத்துக்குக் கட்டு மாற்ற, பி.பி. விழுந்து வருகிற விபத்து கேஸ்களுக்கு, குழந்தைகளுக்கு. தெளியும்போது சிலர் கத்துவார்கள், சிலர் சாமியைப் பார்ப்பார்கள், ஒரு பையன் சுவரில் பாம்பு என்று அலறினான். நாங்கள் மிடசோலம் என்ற தூக்க மருந்து கொஞ்சம் போட்டு அடக்குவோம். பயிற்சிக் காலத்தில் சீனியர் சொல்லிக் கொடுத்தது, கீட்டமைன் பேச்சைக் காதில் வாங்காதே, மூச்சைப் பார். அது நல்ல பாடம்தான். அதனால் உயிர் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே மருந்தை அதே கையால் மனச்சோர்வுக்கு ஏற்ற வந்தபோது, காதை மட்டும் யாரும் மாற்றிக் கொடுக்கவில்லை.

உளசிகிச்சையோடு சேர்த்து இதைச் செய்கிறவர்கள், முக்கியமாக அமெரிக்காவில், மருந்துக்கு முன்பே ஒன்றிரண்டு தடவை உட்கார்ந்து பேசுகிறார்கள். பயந்தால் கையைப் பிடிக்கலாமா, எதைச் சொன்னால் நிறுத்தச் சொல்வதாக அர்த்தம் என்றெல்லாம் அப்போதே முடிவாகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உளசிகிச்சையாளர். முடிந்தபின் மறுபடி உட்கார்ந்து, உள்ளே கண்டதைப் பற்றிப் பேசுவார்கள். 1980-களிலேயே லெனின்கிராடில் க்ருபிட்ஸ்கி என்ற மருத்துவர் குடிநோயாளிகளுக்கு இப்படிச் செய்தார். அந்த அனுபவம்தான் சிகிச்சை என்பது அவர் கணக்கு. யேல் வழியில் வந்தவர்களுக்கு அந்த அனுபவம் ஒரு பக்க விளைவு, முடிந்தவரை பொறுத்துக்கொள்ள வேண்டியது. எங்கள் அறையில் இரண்டுமில்லை. மனநல மருத்துவர் ஆர்டர் எழுதிவிட்டு ஓ.பி.க்குப் போய்விடுவார். நானும் சிஸ்டரும் பம்ப்பும்தான்.

ஸ்டான்ஃபோர்டில் 2023-ல் ஓர் ஆய்வு வந்தது. மனச்சோர்வு உள்ள 40 பேர், ஏதோ ஆபரேஷனுக்கு வந்தவர்கள். முழு மயக்கத்தில் இருக்கும்போது பாதிப் பேருக்குக் கீட்டமைன், பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். இரண்டு தரப்புக்கும் மனச்சோர்வு நன்றாகக் குறைந்தது, ஏறக்குறைய ஒரே அளவில். மயக்க மருத்துவர்கள் குழுவில் இதை வைத்து ஒரு வாரம் கிண்டல் ஓடியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உணர்வில்லாதபோது கீட்டமைனும் உப்புநீரும் ஒன்றுதான் என்றால், விழித்திருக்கும்போது உள்ளே நடப்பதில்தான் சங்கதி இருக்கலாம். இல்லை, சிகிச்சை கிடைக்கிறது என்ற நம்பிக்கையே போதும் என்றும் அதைப் படிக்கலாம். எப்படிப் படித்தாலும் அந்த 24-வது நிமிடம் அவருக்கு முக்கியமான நிமிடம்.

நிறுத்தியிருந்தாலும் உடனே தெளிந்திருக்க மாட்டார். ரத்தத்திலிருந்து அது இறங்கக் கால் மணி நேரமாவது ஆகும். 32-க்குப் பதில் 19 மி.கி. போயிருக்கும், வித்தியாசம் அவ்வளவுதான். இதையும் எனக்கு நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். வித்தியாசம் அவ்வளவுதான் என்றால் நிறுத்தித்தான் தொலைத்திருக்கலாமே என்ற கேள்வி அதன் பின்னாலேயே வந்துவிடும்.

பதிவேட்டில் எழுதினேன்: எடுத்தது 100 மி.கி., ஏற்றியது 32, சாட்சியோடு கொட்டியது 68, இரண்டு கையெழுத்து. கீட்டமைன் இங்கே கடுமையான கட்டுப்பாடு உள்ள எக்ஸ் அட்டவணை மருந்து, ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் கணக்கு வேண்டும். கேஸ் ஷீட்டில் எழுதியது ஒரே வார்த்தை: அன்ஈவன்ட்ஃபுல். குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

மறுநாள் மனநல மருத்துவர் போன் செய்தார். மனச்சோர்வை அளக்கும் ஹாமில்டன் ஸ்கோர் 24-லிருந்து 11-க்கு இறங்கிவிட்டது, சந்தோஷமாக இருந்தார். “உள்ள ஏதாவது பேசினாரா?” என்று கேட்டார். ஒரு நொடி இல்லை என்று சொல்லப் போனேன். அப்புறம் சொன்னேன்.

“அம்மாகிட்டதான் பேசியிருப்பார்” என்றார் சட்டென்று.

“எப்படி சார் சொல்றீங்க?”

“அது பெரிய கதை. அடுத்த தடவை எழுதி வைங்க மேடம், எனக்கு உதவும்.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. போனை வைத்தபின்தான் உறைத்தது, அவரும் ஊகம்தான் செய்கிறார். அந்த ஊகம் எங்கள் இரண்டு பேருக்குமே வசதியாக இருக்கிறது.

நாலு நாள் கழித்து இரண்டாவது தடவைக்கு வந்தார். சவரம் செய்து, பளிச்சென்று இருந்தார். லைன் போட்டபின் அவரே ஆரம்பித்தார்: “மேடம், போன தடவை நான் போதும்னு சொன்னேன்ல?”

“சொன்னீங்க சார். என்கிட்டயா சொன்னீங்க?”

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். “யார்கிட்டன்னு தெரியல. சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கு.” அப்புறம், “இந்த தடவையும் சொன்னா நிறுத்தாதீங்க” என்றார்.

அனுமதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். தெளிவான நிலையில், தானாகவே சொன்னார். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டமே, பின்னால் முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் எப்படிச் சிகிச்சை தர வேண்டும் என்று முன்கூட்டி எழுதி வைக்க இடம் தருகிறது. ஆனால் ஸ்கோர் இறங்கிய ருசியில் இருக்கும் ஒரு மனிதர், உள்ளே போய் மாட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு மனிதரின் வாயை அடைப்பது மாதிரியும் அது கேட்டது. இரண்டும் அவரேதான், சரி. “பார்க்கலாம் சார்” என்றேன். அந்த 40 நிமிடமும் அவர் வாயே திறக்கவில்லை. நான் உட்காரவில்லை, பம்ப்பின் நிறுத்து பட்டனுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

அதன்பின் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். வார்த்தையே வேண்டாம், வலது கட்டைவிரலைத் தூக்குங்கள், நிறுத்திவிடுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். கீட்டமைனில் கை கால் தன்னால் அசையும் என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்துதான் செய்கிறேன். போன மாதம் ஒரு பெண்ணுக்கு 10-வது நிமிடம் கட்டைவிரல் எழுந்தது. நிறுத்திவிட்டேன். தெளிந்ததும் துணியை விலக்கி என்னைப் பார்த்து, “அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா மேடம்?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா” என்றேன்.