கேஜன் என்றால் மிளகாய்ப் பொடி என்று நினைத்திருந்தேன்

மூன்று கிலோமீட்டருக்கு முப்பது டாலர்! அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், லஃபாயெட் நகரப் பஸ் நிலையத்தில் இறங்கிய களைப்பில் வாடகைக் காரில் ஏறியது என் தப்புதான். பஸ் இரண்டு மணி நேரத் தாமதம், உள்ளே குளிர்சாதனமும் ஓடவில்லை. அட்சாஃபலாயா சதுப்பு நிலத்தின்மேல் 29 கிலோமீட்டர் நீளும் பாலம் வந்தபோதுதான் எரிச்சல் சற்றுத் தணிந்தது. இருபுறமும் முழங்கால் நீரில் நிற்கும் சைப்ரஸ் மரங்கள்.

விடுதிக்கு அருகே ஒரு சின்னக் கடையில் கம்போ சாப்பிட்டேன். ஒரு கிண்ணம் பன்னிரண்டு டாலர் என்றதும் மனம் ரூபாய்க் கணக்குப் போட்டது. முதல் கரண்டியிலேயே கணக்கு மறந்துபோனது. மாவை எண்ணெயில் கருஞ்சிவப்பாகும் வரை பொறுமையாக வறுத்து, வெங்காயம், செலரி, குடைமிளகாய் சேர்த்த குழம்பு. புகையூட்டிய சாசேஜ், வெண்டைக்காய், நடுவே ஒரு குவியல் சோறு. கம்போ என்பதே வெண்டைக்காய்க்கு ஆப்பிரிக்க பாண்டு மொழிகளில் உள்ள பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் காரமே இல்லை! கேஜன் சமையல் என்றால் நாக்கு எரிய வேண்டாமா என்று கேட்டேன். பரிமாறிய அம்மா சிரித்தார்: "என் பாட்டி கேஜன், ஐயா. அவர் பொடி இல்லை."

வெட்கத்தோடு, கேஜன் மக்களின் கதையைச் சொல்லும் அகாதியப் பண்பாட்டு மையத்துக்குப் போனேன். தேசியப் பூங்காத் துறையுடையது, நுழைவு இலவசம். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே இலவசம். பதினேழாம் நூற்றாண்டில் இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் பிரெஞ்சு விவசாயிகள் குடியேறிய நிலம் அகாதியா. 1713இல் அது பிரிட்டன் கைக்குப் போனது. நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தவர்களை 1755 முதல் கப்பல்களில் ஏற்றி விரட்டினார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். அலைந்து திரிந்தவர்களில் ஒரு பகுதியினர் 1765 வாக்கில் லூசியானாவுக்கு வந்தனர். 1785இல் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் ஏறத்தாழ 1,600 பேர் வந்து சேர்ந்தனர்.

'அகாதியன்' என்ற பெயரின் முதல் உயிரைப் பேச்சு விழுங்கியது. நம் 'ஐந்து' 'அஞ்சு' ஆவதுபோல 'தி' மெல்ல 'ஜ' ஆனது. ஆங்கில வாயில் அது 'கேஜன்'. நெடுங்காலம் அது வசைச் சொல்லாகவும் இருந்திருக்கிறது. 1921ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பு பள்ளிகளில் ஆங்கிலத்தை மட்டுமே பாடமொழியாக்கியது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். அதே பெயரைத்தான் இன்று உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தில் அச்சடிக்கிறார்கள். 1980களில் பால் புருதோம் என்ற சமையற்காரர் மசாலா பூசிக் கருக வறுத்த மீனால் புகழ்பெற்ற பிறகு வந்த மோகம் இது. மீன்மேல் எனக்குக் கோபமில்லை, பொட்டலத்தின்மேல்தான்.

திரும்பும்போது பஸ் நிலையத்துக்கு நடந்தே போனேன். நாற்பது நிமிடம், கையில் சோறும் பன்றி இறைச்சியும் அடைத்த சூடான புடான் சாசேஜ்.