திருவலையில் செதுக்கிய அகப்பை

போன மாதம் வேலிப் பூவரசில் கொப்பு வெட்டினோம். பச்சை மரத்தில் கரண்டி செதுக்கும் காணொளிகளை இரண்டு கிழமையாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கை நமைத்தது. பூவரசம் இலையில் பீப்பி சுருட்டியதைத் தவிர, அந்த மரத்தில் அதுவரை நான் ஒரு வேலையும் செய்ததில்லை.

மணிக்கட்டுத் தடிப்பில் ஒரு கொப்பு எடுத்தேன். கொடுவாக்கத்தியை வைத்துப் பொல்லால் தட்ட, நெடுகப் பிளந்தது. உள்ளே ஈரம் மினுங்கியது. காய்ந்த வேம்பில் துள்ளுகிற அதே கத்தி, இதில் கத்தரிக்காய் சீவுவதுபோல் போனது. காம்பு ஒரு மணித்தியாலத்தில் சரி.

குழிதான் வில்லங்கம். வளைந்த கத்தி எங்கள் வீட்டில் இல்லை. யோசித்துப் பார்த்து, தேங்காய் திருவுகிற திருவலையில் ஏறி உட்கார்ந்தேன். தேங்காய்ப் பாதியைப் பிடிப்பதுபோல் மரத்தைப் பிடித்துச் சுழற்ற, பூவாய் உதிர்ந்தது! அதற்குள் அம்மம்மா வந்துவிட்டா.

"பல்லு மழுங்கினா நாளைக்குத் தேங்காயை உன்ர தலையிலயோ திருவுறது?"

அகப்பையைக் கிணற்றுக்கட்டில் மத்தியான வெயிலில் காய வைத்தேன். பின்னேரம் பார்த்தால் குழியின் அடியில் நூல் போல ஒரு வெடிப்பு. மரவேலை செய்கிற, தெரிந்த ஓடாவியார் ஒருவரிடம் காட்டினேன். ஒரு பார்வைதான்.

"நடுவை எடுக்கேல்லை. வெயில்லயும் வைச்சிருக்கிறாய். சீவலோட சாக்கில கட்டி நிழல்ல போட்டிருக்க வேணும் தம்பி."

மரம் காயும்போது வளையத்தை ஒட்டிச் சுருங்குவது, நடுவை நோக்கிச் சுருங்குவதைவிட ஏறக்குறைய 2 மடங்கு. நடுமையம் உள்ளே இருந்தால் அந்த இழுபறி வெடித்துத்தான் தீரும். காணொளிக்காரரும் இதைச் சொல்லியிருப்பார். நான் அந்த இடங்களை ஓட்டிவிட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒடியற் கூழ். வீம்புக்கு என் அகப்பையால்தான் பனையோலைப் பிளாவில் வார்த்தேன். இறாலும் பயற்றங்காயும் அகப்பையில் நின்றன. கூழ் நான் கட்டியிருந்த சாரத்தில். அம்மம்மா ஒன்றும் பேசாமல் தன் சிரட்டை அகப்பையை நீட்டினா.

அடுத்த நாள் அகப்பையைக் காணவில்லை. தேடினால், வேலியில் புதுக் கதியால்களோடு காம்பு மண்ணுக்குள் போக நட்டு வைத்திருக்கிறா.

"பூவரசுதானே, குத்தினா முளைக்கும்" என்றா.

கதியால்கள் தளிர்த்துவிட்டன. அகப்பைக்கு இன்னும் தினமும் அரிசி கழுவின தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறா.