கொண்டைக்கு இடமில்லாத தொப்பி

மகளைப் பள்ளியில் சேர்த்து மூன்றாம் நாள். சாயங்காலம் கூட்டிவரப் போனபோது முகம் சுண்டியிருந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "எல்லாரும் வெளையாண்டாங்கம்மா. என்னைய மட்டும் பெஞ்சுல நெழல்ல உக்கார வச்சுட்டாங்க." என்ன தப்புப் பண்ணினாய் என்று கேட்டேன். ஒன்றும் பண்ணவில்லையாம். தலையில் தொப்பி இல்லையாம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. புது ஊர், புதுப் பேச்சு, வகுப்பில் இவள் ஒருத்திதான் நம் நிறம் என்று மனசு எங்கெங்கோ போனது. மறுநாள் காலையில் ஆசிரியையிடம் கேட்டேவிட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். தொப்பி இல்லாத எந்தப் பிள்ளைக்கும் வெயிலில் விளையாட்டு இல்லை, ஆஸ்திரேலியாவில் நிறையத் தொடக்கப் பள்ளிகளில் இதுதான் வழக்கம் என்றார். கைபேசியில் அன்றைய புற ஊதாக் குறியீட்டையும் காட்டினார், வெயிலில் புற ஊதாக் கதிர் எவ்வளவு கடுமை என்று சொல்கிற எண் அது. 11. வெளியே 24 டிகிரி, கடற்காற்று சிலுசிலுவென்று அடித்துக்கொண்டிருந்தது. காரைக்குடிப் பக்கம் 24 டிகிரி என்றால் அது மார்கழி மாதத்துக் காலைப்பொழுது. இதையா வெயில் என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே கடைக்குப் போய் அவளுக்கு ஒரு தொப்பி வாங்கினேன்.

சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு என்பது என் தலைக்குள் இறங்க அந்தக் கோடை முழுக்க ஆனது. குறியீடு 3-ஐத் தொட்டாலே உடம்பை மறைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சிட்னியில் டிசம்பர், ஜனவரி மதியங்களில் அது 11, 12 என்று போகிறது. பூமி சூரியனுக்கு மிகக் கிட்டத்தில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், அதாவது இவர்களுடைய கோடையில். காற்றிலும் தூசு குறைவு. இந்த நாட்டில் 70 வயதுக்குள் மூன்றில் இரண்டு பேருக்கு ஏதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய் வருகிறது. 1981-லேயே ஒரு கடற்பறவைப் படத்தை வைத்து "ஸ்லிப், ஸ்லொப், ஸ்லாப்" என்று பாட்டுக் கட்டிப் பரப்பியிருக்கிறார்கள்: சட்டையை மாட்டு, களிம்பைப் பூசு, தொப்பியைப் போடு. என் மகள் அதை ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டாள்.

பிறகு ஒருநாள், சும்மா பார்ப்போமே என்று காரைக்குடியின் குறியீட்டைத் தேடினேன். சித்திரை மாதம், உச்சிப்பொழுது. அங்கேயும் 12. அப்படியே கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் இதே கதிரின் கீழேதான் நாங்களும் இருந்திருக்கிறோம். எங்கள் ஊரில் அது தனியாக வருவதில்லை, அனலைக் கூட்டிக்கொண்டு வருகிறது. அனல் மனிதரை வீட்டுக்குள் விரட்டிவிடும்.

பதினொரு மணிக்கு மேல் எங்கள் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. முகப்பைத் தாண்டி உள்ளே வந்தால் வளவு. நடுவில் வானம் திறந்திருக்கும், நாலு பக்கமும் தாழ்வாரம். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவரில் கன்னத்தை வைத்தால் ஜில்லென்று இருக்கும். அப்பத்தா காலையில் கிழக்குத் தாழ்வாரத்தில் பாயை விரிப்பார்கள், பிற்பகலில் மேற்குத் தாழ்வாரத்துக்கு மாறுவார்கள். நிழல் எந்தப் பக்கம் போகிறதோ பாயும் அந்தப் பக்கம் போகும். நிழலைத் தலையில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டிய அவசியமே எங்களுக்கு இருந்ததில்லை.

இங்கே வார விடுமுறை வந்தால் சனங்கள் வெயிலைத் தேடிப் போகிறார்கள். காட்டுப் பாதைகளில் மணிக்கணக்காக நடக்கிறார்கள். புஷ்வாக்கிங் என்று பெயர். பக்கத்து வீட்டு அம்மாள் கூப்பிட்டு நானும் போக ஆரம்பித்தேன், இப்போது விட முடியவில்லை. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடக்கும்போது அப்பச்சியும், அதாவது என் அப்பாவும், போவார்கள். தலையில் ஒரு துண்டுதான். ஆனால் அவர்கள் விடியுமுன் நடந்து, உச்சிக்கு எங்காவது தங்கி, வெயில் தாழ்ந்ததும் மறுபடி கிளம்புவார்கள். இங்கே பன்னிரண்டு மணிக்குப் பாறை உச்சியில் நின்று சாண்ட்விச் சாப்பிடுகிறார்கள்.

தொப்பி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்.

முதல் நடைக்கு என் வீட்டுக்காரரின் கிரிக்கெட் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனேன். அதற்கு நெற்றியில் மட்டும்தான் ஓரம். காது வெளியே, பிடரி வெளியே. இரவில் தாலிச்சங்கிலி உரசுகிற இடமெல்லாம் எரிந்தது. "நம்ம தோலுக்கு என்ன ஆகப்போகுது" என்றார் அவர். நம் தோலின் கருமை கொஞ்சம் காப்பது உண்மைதான். முழுக்கக் காப்பதில்லை. கண்ணுக்கு அந்தக் காப்பும் கிடையாது. கண்புரைக்கு வயசு, சர்க்கரை என்று பல காரணம் இருந்தாலும் புற ஊதாக் கதிரும் ஒன்று. வெள்ளைவிழியில் சதை வளர்வதற்கும் அப்படித்தான். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு அப்பத்தா ஞாபகம்தான்.

அப்பத்தா கொட்டான் பின்னுவார்கள், ஓலைக் கூடை. பனங்குருத்தைக் காயவைத்து, சாயம் ஏற்றி, வகிர்ந்து, கல்யாணச் சீருக்கென்று சின்னதும் பெரிதுமாகப் பின்னி அடுக்குவார்கள். ஒன்று முடிந்ததும் வளவுக்கு நடுவே வந்து வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அவிழ்த்துவிடுவார்கள். பிறகு ஒருநாள் வெளிச்சம் தெரிகிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார்கள். மதுரை அரவிந்தில் இரண்டு கண்ணுக்கும் அறுவை செய்த பிறகு பார்வை வந்தது. விரல்தான் அதற்குள் பழக்கத்தை மறந்திருந்தது.

அதனால் இரண்டாவதாகச் சந்தையில் வாங்கிய வைக்கோல் தொப்பியை நான் அப்பத்தா மாதிரியே வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். மாவுச் சல்லடை. ஓரம் அகலம்தான், ஆனால் ஒவ்வொரு கண்ணிலும் சூரியன் தெரிந்தது. அப்படியும் பண்டீனா என்ற கடலோர ஊருக்கு அதைப் போட்டுப் போனேன். அங்கிருந்து ஆட்ஃபர்டு வரை 26 கிலோமீட்டர், ராயல் தேசியப் பூங்காவின் கடலோரப் பாதை. முழுக்க அல்ல, ஒரு பகுதிதான் நடந்தோம். ஒரு பக்கம் செங்குத்தாகக் கடல், இன்னொரு பக்கம் இடுப்புயரப் புதர். நாடா இல்லாத தொப்பி முதல் காற்றிலேயே கடலுக்குப் போய்விட்டது. பாறையெல்லாம் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசும். கீழேயிருந்து ஏறிவருகிற அந்த வெளிச்சத்தை எந்தத் தொப்பியும் தடுக்காது. களிம்பும் கறுப்புக் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும்.

மூன்றாவதுதான் இப்போது இரண்டு வருஷமாக என்னோடு இருப்பது. மெல்லிய நைலான், சுற்றிலும் ஒரே அளவு ஓரம். பெரியவர்களுக்கு ஓரம் குறைந்தது 7.5 செ.மீ. இருக்க வேண்டும் என்கிறார்கள், என் கைக்கு நாலு விரற்கடை. உள்ளே யு.பி.எஃப். 50+ என்று சீட்டு தைத்திருக்கும். விழுகிற புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் துணி உள்ளே விடாது என்று அர்த்தம். ஓரத்தின் அடிப்பக்கம் கருநீலமாக இருப்பதால் கண் கூசுவதில்லை. இதே தொப்பியில் வெளிர் அடிப்பக்கம் உள்ளதும் கிடைக்கிறது, வாங்காதீர்கள். காற்றோட்டத்துக்கென்று பக்கவாட்டில் பெரிய வலை வைத்த வகையும் வேண்டாம், வலை வழியாகக் கதிரும் வரும். நாடா தாடைக்குக் கீழே இழுத்துக் கட்டுகிற மாதிரி இருக்கட்டும். நனைந்தால் அரை மணியில் காய்ந்துவிடும். பருத்தியில் ஒன்று வைத்திருந்தேன், வியர்வை ஊறி ஈரத்துண்டு மாதிரி கனத்தது.

குறை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் எனக்கு ஆறாது. இந்தத் தொப்பிகளைச் செய்கிறவர்கள் நீளமுடி வைத்த ஒரு பெண்ணைக் கூடப் பார்த்ததில்லையா? கொண்டை போட்டால் தொப்பி நெற்றியில் வந்து இறங்கி, எதிரே பாதை தெரிவதில்லை. சடையாகப் பின்னித் தொங்கவிட்டால் முதுகுப்பை சடையைப் பிடித்து இழுக்கிறது. பை உயரமாக இருந்தால் பின் ஓரத்தையும் முட்டித் தள்ளுகிறது. முடியை உச்சியில் சுருட்டி வைத்தால் தொப்பி தலையிலேயே உட்காராது. பின்பக்கம் முடிவிட ஓட்டை வைத்த ஒன்று கிடைத்தது. குதிரைவாலுக்கு ஆன ஓட்டை அது, இரண்டு விரல் பருமன். தேங்காயெண்ணெய் வைத்து வளர்த்த முடி அதற்குள் போகவே இல்லை. கடைக்காரப் பெண் கனிவோடு "வெட்டிக்கொள்ளலாமே" என்றாள். வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றி, சாம்பிராணிப் புகை காட்டி, வளவில் உட்கார்த்தி வைத்து அம்மா சிக்கெடுத்த முடி. அதை வெட்டிக்கொண்டு ஒரு தொப்பி வேண்டாம் என்று வந்துவிட்டேன். கடைசியில் கழுத்தோடு ஒட்டின மாதிரித் தாழக் கொண்டை போட்டு, பையையும் இறக்கிக் கட்டி, ஒருவழியாகச் சமாளிக்கிறேன்.

மற்றபடி இந்த ஊர் பழகிவிட்டது. காலையில் குறியீட்டைப் பார்க்காமல் வெளியே இறங்குவதில்லை. பாதையில் எதிர்ப்படுகிறவர்களுக்கு வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டேன். ஒன்றைத்தான் இன்னும் மனசு ஏற்கவில்லை, இங்கே மரத்தடியில் நிழல் இல்லை. எங்கும் தைலமரம். அதன் இலைகள் செங்குத்தாகத் தொங்குவதால் வெயில் இடையிலேயே வழிந்து தரைக்கு வந்துவிடும். புதுக்கோட்டைப் பக்கம் பேருந்தில் போகும்போது வரிசை வரிசையாக இதே மரத்தைப் பார்த்திருக்கிறேன். நம் தண்ணியையெல்லாம் குடிக்கிறது என்று அப்பச்சி திட்டுவார்கள். இங்கே அதன் சொந்த மண்ணில், பட்டை உரிந்து வழவழப்பாக, வானளவு நிற்கிறது. முதல்தடவை இலையைக் கசக்கி முகர்ந்தபோது அப்பத்தா சளிக்கு ஆவிபிடிக்க வைத்த சட்டி கண்முன் வந்தது. அந்த மரத்தடியில் தொப்பியோடுதான் உட்கார வேண்டியிருக்கிறது. ஊருணிக் கரையில் இருந்த புளியமரமாக இருந்தால் தொப்பியைக் கழற்றிக் கீழே போட்டு அதன்மேலேயே தலைவைத்துப் படுத்திருப்பேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு தொப்பி இருந்தது. ஐயா, எங்கள் தாத்தா, மலாயாவில் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போயிருந்த காலத்தில் போட்ட சோலாத் தொப்பி. இரண்டாங்கட்டில் ஆணியில் தொங்கும். நெட்டியில் செய்தது, பூனைக்குட்டி அளவுகூடக் கனமிருக்காது. உள்ளே தலையில் படுகிற பட்டைக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டிருப்பார்கள், காற்று ஓடுவதற்கு. என் நைலான் தொப்பியில் அது இல்லை. உச்சி வேகும்போதெல்லாம் ஐயாவின் அந்த ஒரு விரல் இடைவெளியை நினைத்துக்கொள்வேன். அவர்களும் எங்கோ ஒரு ரப்பர் தோட்டத்து வெயிலில் நின்று எங்கள் வளவை நினைத்திருப்பார்கள்.

போன முறை ஊருக்குப் போனபோது அம்மாவுக்கும் என் தொப்பி மாதிரியே ஒன்று வாங்கிப் போனேன். கூழ்வற்றல் ஊற்ற, மோர்மிளகாய் காயப்போட என்று சித்திரை முழுக்க மொட்டைமாடியில் நிற்பவர்கள் அவர்கள். "எனக்கே குல்லாப் போடுறியா ஆத்தா" என்று சிரித்து, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். நானும் விட்டுவிட்டேன்.

சென்ற வாரம் வீடியோவில் கூப்பிட்டபோது மொட்டைமாடியில் இருந்தார்கள். வெள்ளைத்துணி நிறைய வற்றல், தலையில் அந்தத் தொப்பி, நாடாவைத் தாடையில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். "ஆயா தொப்பி போட்டிருக்காங்க" என்று மகள் குதித்தாள். அம்மா கையை நெற்றிக்குக் கொண்டுபோய்த் தொப்பியை மேலே தள்ளினார்கள். அது மறுபடி சரிந்து கண்ணை மறைத்தது.

"நல்லாத்தான் இருக்கு ஆத்தா. ஆனா இந்தக் கொண்டைய எங்க வைக்கிறது?"