எங்கே வேண்டுமானாலும் அடக்கம் செய்யுங்கள்

ரோமில் நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது புனித அகுஸ்தினார் ஆலயம். வருகிறவர்களில் பலர் கரவாஜ்ஜோ வரைந்த லொரேட்டோ மாதா ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் உள்ளே போங்கள். நடுப்பீடத்துக்கு இடப்பக்கச் சிற்றாலயத்தில், நான்காம் நூற்றாண்டில் பிறந்த திருச்சபை அறிஞர் அகுஸ்தினாரின் தாய் புனித மோனிக்காவின் கல்லறை இருக்கிறது.

மோனிக்கா என்றாலே, மகன் மனம் திரும்ப அவர் சிந்திய கண்ணீர்தான் நினைவுக்கு வரும். என்னைக் கட்டிப்போடுவது அவருடைய விடாப்பிடி. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் தாயிடம் பொய் சொல்லிவிட்டு இரவோடு இரவாகக் கப்பலேறிவிட்டார் மகன். அம்மா விடவில்லை. கடல் தாண்டி மிலான் வரைக்கும் தேடிப் போனார். ஆனால் அங்கே, ஆப்பிரிக்க வழக்கப்படி விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிகளின் கல்லறைக்குக் கூழும் அப்பமும் திராட்சை ரசமும் கொண்டுபோனபோது வாசலில் தடுத்தார்கள். ஆயர் அம்புரோசு கூடாது என்று சொல்லியிருக்கிறார் எனத் தெரிந்ததும் மறுபேச்சு இல்லாமல் திரும்பினார். மகன் விஷயத்தில் அசையாதவர், தன் பழக்கத்தை ஒரு நொடியில் விட்டுவிட்டார்!

கி.பி. 387 பாஸ்காவில் (ஈஸ்டரில்) அகுஸ்தினார் திருமுழுக்குப் பெற்றார். அதே ஆண்டு, ஊர் திரும்பும் வழியில் ஓஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா காய்ச்சலில் படுத்தார். ஒன்பதாம் நாள் இறந்தார். வயது 56.

ரோமிலிருந்து புறநகர் ரயிலில் அரை மணி நேரம் போனால் பழைய ஓஸ்தியா. அங்கே கோட்டையை ஒட்டிப் புனித அவுரேயாவின் சிறு ஆலயம். மோனிக்காவின் திருப்பண்டங்களை (உடல் எச்சங்களை) 1430-லேயே ரோமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் 1945-ல் இந்த ஆலயத்தின் பக்கத்தில் சிறுவர்கள் விளையாட்டுக் கம்பம் நடக் குழி தோண்டியபோது, அவருடைய பழைய கல்லறைக் கல்வெட்டின் ஒரு துண்டு கிடைத்தது. அந்தப் பளிங்குத் துண்டை ஆலயத்துக்குள்ளேயே பார்க்கலாம். லத்தீன் வரிகள் உடைந்த விளிம்பில் பாதியோடு நின்றுபோகின்றன. அதன் முன் வெகுநேரம் நின்றேன்.

ஆப்பிரிக்காவில் சொந்த ஊரான தகாஸ்தேயில் கணவர் பத்ரீசியுவின் பக்கத்தில் தனக்கென்று இடம் தயார் செய்து வைத்திருந்தவர் மோனிக்கா. கடைசியில் அந்த ஆசையும் போய்விட்டது. "இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் அடக்கம் செய்யுங்கள், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். எங்கே இருந்தாலும் ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார். இவ்வளவு தூரத்தில் உடலை விட்டுப்போகப் பயமில்லையா என்று கேட்டவர்களிடம், கடவுளுக்கு எதுவும் தூரமில்லை என்றாராம். வெளிநாட்டு மண்ணில் உறவுகளை அடக்கம் செய்துவிட்டு வருந்துகிற குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! அவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதலை நான் கேட்டதில்லை.

தம் 'ஒப்புதல்கள்' நூலில் இதையெல்லாம் எழுதிய அகுஸ்தினார், வாசிக்கிற எல்லாரும் பீடத்தில் தம் பெற்றோர் இருவரையும் நினைக்கும்படி கேட்டிருக்கிறார். ரோமில் திருப்பலியில் இறந்தோரை நினைக்கும் நேரம் வந்ததும் மோனிக்கா, பத்ரீசியு பெயர்களைச் சொன்னேன், பிறகு என் அப்பா அம்மா பெயர்களையும்.