சென்னை ஓப்பன் நடந்த இடத்துக்கு ஒரு ஜனவரிப் பயணம்

2017 வரை ஆண்களுக்கான சென்னை ஓப்பன் டென்னிஸ் போட்டி நடந்த நுங்கம்பாக்கம் அரங்குக்குப் போகும் வழி, செலவு, நேரம் எல்லாவற்றையும் இந்தக் கட்டுரையில் வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். ஆனால் மதுரையிலிருந்து நான் ஏறிய ஆம்னி பேருந்து அந்த வரிசையைத் தொடக்கத்திலேயே குலைத்துவிட்டது. ஜனவரி என்பதால் டிக்கெட்டுக்கு ஏறக்குறைய இரட்டிப்புக் கட்டணம் வாங்கினார்கள். என் இருக்கைக்கு மேலிருந்த ஏசியிலிருந்து இரவெல்லாம் தண்ணீர் சொட்டியது. துண்டை விரித்துத் தலையை மூடிக்கொண்டு கிளாம்பாக்கத்தில் இறங்கியபோது, குளித்துவிட்டு வந்தவன்போல இருந்தேன். முன்பெல்லாம் கோயம்பேட்டில் இறங்கினால் நுங்கம்பாக்கம் கைக்கெட்டும் தூரம். இப்போது ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு, அங்கிருந்து இன்னொரு பயணம் செய்யச் சொல்கிறார்கள். மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்து மின்சார ரயிலைப் பிடித்தேன். அந்தச் சில ரூபாய் டிக்கெட்தான் இந்தப் பயணம் முழுவதிலும் நியாயமாகப் பட்ட ஒரே செலவு.

நுங்கம்பாக்கம் நிலையத்துக்கு வெளியே நின்ற ஆட்டோக்காரர், சுமார் இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள டென்னிஸ் ஸ்டேடியத்துக்கு 200 ரூபாய் கேட்டார். அரசு 2013இல் நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று நான் சொன்னதும், "அந்தக் கணக்கெல்லாம் அப்ப சார், அங்க மேட்சும் இல்ல, திரும்பி வர சவாரியும் கிடைக்காது" என்றார். பேரம் பேசாமல் நடந்தேன். ஆனால் மேட்ச் இல்லை என்று அவர் சொன்னது காதிலேயே நின்றது. நான் பார்க்கப் போவதும் அதைத்தானே!

2008ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில் கல்லூரி மாணவனாக இதே வழியில்தான் நடந்து போனேன். அந்தச் சனிக்கிழமை அரையிறுதியில் ரஃபேல் நடாலும் கார்லோஸ் மோயாவும் மோதினார்கள். இருவரும் ஸ்பெயினின் மயோர்கா தீவுக்காரர்கள், நெருங்கிய நண்பர்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீடித்த அந்த ஆட்டத்தில் மூன்று செட்டும் 6-6 என்று சமமாகி, முடிவு காண ஆடும் டைபிரேக்கர் வரை போயின. கடைசியில் நடால் வென்றார். கடைசி மின்சார ரயில் போய்விடுமே என்ற பதற்றம் ஒருபக்கம் இருந்தும் காலரியிலிருந்து எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் இறுதியாட்டத்தில் கால் நகராத நடாலை மிகைல் யூஷ்னி 6-0, 6-1 என்று முடித்துவிட்டார். இறுதியாட்டத்துக்கென்று பணம் சேர்த்து டிக்கெட் வாங்கிய என் அறைத்தோழன் இன்றுவரை அதைச் சொல்லிப் புலம்புகிறான்.

இந்தப் போட்டி சென்னையில் பிறந்ததன்று. 1996இல் புது தில்லியில் தொடங்கி, 1997இல்தான் சென்னைக்கு வந்தது. கோல்டு ஃபிளேக் ஓப்பன் என்று ஒரு சிகரெட்டின் பெயரைச் சுமந்து, ஏப்ரல் வெயிலில் நடந்த காலம் அது. அப்போது அமெரிக்க ஓப்பன் சாம்பியனாக இருந்த பேட்ரிக் ராஃப்டர் 1998இல் இங்கே வந்து பட்டம் வென்றார். பின்னர் டாடா ஓப்பன் ஆகி, அதன்பின் சென்னை ஓப்பன் ஆயிற்று. போட்டி ஜனவரிக்கு மாறியதுதான் அதன் நல்ல காலம் என்பது என் கருத்து. ஆஸ்திரேலிய ஓப்பனுக்குப் போகும் வழியில் ஆட்டக்காரர்கள் கையைப் பழக்கிக்கொள்ள ஒரு களம் தேவைப்பட்டது. அதே வாரத்தில் தோஹாவில் நடந்த போட்டியில் இதைவிட அதிகப் பணம் புரண்டாலும், சிலர் சென்னையையே விரும்பி வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் சென்னை தன் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டவர் தாய்லாந்தின் பாரடோர்ன் ஸ்ரீசாபன். 2002 முதல் 2005 வரை தொடர்ந்து நான்கு இறுதியாட்டங்களில் ஆடி, 2003இல் மட்டும் வென்றார். 2004இலும் 2005இலும் அவரைத் தோற்கடித்த மோயாவை இந்த ஊர் வெறுத்திருக்க வேண்டும், ஆனால் வெறுக்கவில்லை. சுனாமி அடித்துச் சில நாள்களே ஆகியிருந்த 2005 ஜனவரியில், மோயா தம் பரிசுப் பணத்தைச் சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்தார். ஸ்டான் வாவ்ரிங்கா இங்கே நான்கு முறை வென்றார். 2014இல் இங்கே கோப்பை வாங்கிய அதே மாதத்தில் மெல்பர்னில் தம் முதல் கிராண்ட்ஸ்லாமான ஆஸ்திரேலிய ஓப்பனையும் வென்றார்.

உள்ளூர் ஆசைக்கு உச்சம் 2009. சிறு வயதில் சென்னையில் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன், தரவரிசை போதாதவர்களுக்கு அமைப்பாளர்கள் தரும் நேரடி வாய்ப்பான வைல்டு கார்டில் நுழைந்து மோயாவையும் இவோ கார்லோவிச்சையும் வீழ்த்தி இறுதியாட்டம் வரை போனார். அங்கே மரின் சிலிச்சிடம் தோற்றார். ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபியின் சுற்றில் அப்போது இந்தியாவில் நடந்த ஒரே போட்டியாக அது இருந்ததால்தான் அவருக்கு அந்த வாசல் திறந்தது. வெளிநாட்டு நட்சத்திரங்களைப் பார்க்கக் கிடைத்ததைவிட இதைத்தான் நான் பெரிய நன்மையாக நினைக்கிறேன்.

ஸ்டேடியம் வள்ளுவர் கோட்டத்துக்குப் பக்கத்தில், பழைய ஏரியின் மேல் எழுந்த லேக் ஏரியாவில் இருக்கிறது. காவலாளி முதலில் விடவில்லை. மதுரையிலிருந்து இதற்காகவே வந்தேன் என்று சொன்னபோது என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பத்து நிமிடம் கொடுத்தார். சுமார் 5,800 பேர் அமரக்கூடிய காலரியில் ஒருவரும் இல்லை. ஒரு சிறுமி மட்டும் பயிற்சியாளர் வீசிய பந்துகளைத் திருப்பி அடித்துக்கொண்டிருந்தாள். சர்வீஸ் போடுமுன் அவள் பந்தைத் தரையில் தட்டிய ஓசை காலரியில் மோதி இரட்டையாகக் கேட்டது. முன்பு கூட்டத்தின் இரைச்சலில் இந்த எதிரொலி என் காதில் விழுந்ததே இல்லை.

கடைசிப் போட்டி 2017 ஜனவரியில் நடந்தது. ராபர்ட்டோ பாட்டிஸ்டா அகுட் இறுதியாட்டத்தில் வீழ்த்திய இளைஞர், பின்னாளில் அமெரிக்க ஓப்பன் வென்ற டேனில் மெத்வெதேவ். இரட்டையரில் ரோகன் போபண்ணாவும் சென்னைப் பையன் ஜீவன் நெடுஞ்செழியனும் வென்றார்கள். எதிரே நின்ற புரவ் ராஜா, திவிஜ் சரண் இருவரும் இந்தியர்களே. அதே ஆண்டில் போட்டி புனேவுக்குப் போய்விட்டது. ஊர் மக்கள் பலரும் அதைத் துரோகம் என்றார்கள். எனக்கு அந்தச் சொல் பொருந்துவதாகத் தோன்றவில்லை. நடத்தும் உரிமை விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் ஐஎம்ஜி நிறுவனத்துடையது, தமிழ்நாடு டென்னிஸ் சங்கம் உடனிருந்து நடத்தியது, அரங்கு அரசுடையது. சென்னை தந்தது பெயரையும் கைதட்டலையும்தான், அந்த இரண்டையும் வைத்து எந்த ஒப்பந்தமும் போட முடியாது. தில்லியிடமிருந்து நமக்கு வந்தபோது நாம் தில்லிக்காரர்களை நினைத்துப் பார்த்தோமா என்ன! புனேவிலும் அது நிலைக்கவில்லை. 2023 ஜனவரியோடு அங்கும் முடிந்து, 2024இல் அந்த இடத்தை ஹாங்காங் பிடித்துக்கொண்டது.

இந்த அரங்கு முற்றிலும் உறங்கிவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2022 செப்டம்பரில் மகளிருக்கான டபிள்யூடிஏ போட்டி இங்கே நடந்தது. 17 வயது லிண்டா ஃபுருவிர்தோவா வென்றார். 2025இலும் அப்போட்டி மீண்டும் வந்தது. ஆனால் ஏடிபி நாள்காட்டியின் ஜனவரியில் சென்னை என்ற ஊர் இல்லை.

மதியம் திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் சாம்பார் இட்லி சாப்பிட்டேன். இட்லி கண்ணுக்குத் தெரியாதபடி சாம்பாரை ஊற்றி, தீரத்தீர மறுபடியும் ஊற்றுகிறார்கள். ஆட்டோவுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த 200 ரூபாய் என்ற கணக்கில் ஒரு காபியும் சேர்த்துக்கொண்டேன்.

சொன்ன வாக்குக்காக வழியையும் எழுதிவிடுகிறேன்: மதுரையிலிருந்து ரயிலில் எழும்பூர் வந்துவிடுங்கள், கிளாம்பாக்கம் தொல்லை இல்லை. எழும்பூரிலிருந்து மின்சார ரயிலில் நுங்கம்பாக்கம் இரண்டாவது நிறுத்தம். அங்கிருந்து நடப்பவர்கள் வள்ளுவர் கோட்டத்துக்கு வழி கேளுங்கள். டென்னிஸ் ஸ்டேடியம் எங்கே என்று நான் கேட்ட மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தெரியவில்லை.