இறைச்சி, மீன், உப்பு: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

இன்று முதல் என் தட்டில் இறைச்சி, மீன், அவற்றின் கொழுப்பு, உப்பு ஆகியவை மட்டுமே இருக்கும். முட்டை, பால், பருப்பு, கொட்டை வகைகள், தக்காளி, மிளகு என ஒவ்வொன்றாக ஒத்துக்கொள்ளாமல் போனபின் மிச்சம் இருப்பவை இவைதாம் என்பதே காரணம். உடல் இளைக்க வேண்டும் என்ற ஆசையோ காய்கறிகள் மீது வெறுப்போ எனக்கு இல்லை. தொடங்குவதற்கு முன்பே மருத்துவர் இரத்தக் கொழுப்பு, சிறுநீரகச் செயல்பாடு, யூரிக் அமிலம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டார். பாலூட்டிகளின் இறைச்சியில் உள்ள ஆல்ஃபா-கால் என்னும் சர்க்கரைக்கு எதிரான ஐஜிஇ (ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருள்) பரிசோதனையையும் எழுதிக் கொடுத்தார். உண்ணிக் கடிக்குப் பிறகு சிலருக்கு மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றின் இறைச்சியே ஒவ்வாமையாகிவிடுகிறது. சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்தே தடிப்பு கிளம்புவதால் அவர்கள் இறைச்சியைச் சந்தேகிப்பதே இல்லை. எனக்கு அது இல்லை என்று முடிவு வந்தபிறகே இறங்கினேன். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள், அதிலும் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரை எடுப்பவர்கள், தாமாகவே இதில் இறங்கக் கூடாது. இரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோஅசிடோசிஸ், அதாவது இரத்தம் ஆபத்தான அளவுக்கு அமிலமாகும் நிலை, வந்துவிடக்கூடும்.

மார்ச் 6, வியாழன்

தலைவலி, மாடிப்படி ஏறும்போது கால்கள் கனக்கின்றன. மாவுச்சத்து நின்றதும் இன்சுலின் இறங்குகிறது. அது இறங்கினால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்காமல் வெளியே விடுகிறது. அதன் பின்னாலேயே நீரும் போகிறது. வெந்நீரில் உப்பைக் கரைத்துக் குடித்ததும் ஒரு மணி நேரத்துக்குள் தலை தெளிந்தது. இரத்த அழுத்தமோ இதய, சிறுநீரக நோயோ இருப்பவர்களுக்கு இந்த வைத்தியம் பொருந்தாது.

மார்ச் 9, ஞாயிறு

கொழுப்பைக் குறைத்துக்கொண்டு இந்த உணவுமுறையை நடத்த முடியாது என்பதற்கு 1928-ஆம் ஆண்டிலேயே சான்று கிடைத்துவிட்டது. ஆர்க்டிக் பகுதியில் இனுயிட் மக்களோடு பல ஆண்டுகள் வாழ்ந்த ஆய்வுப் பயணி வில்யால்முர் ஸ்டெஃபான்சன், தம் நண்பர் கார்ஸ்டன் ஆண்டர்சனுடன் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் கண்காணிப்பில் தொடங்கி, ஓராண்டு இறைச்சியை மட்டுமே உண்டார். தொடக்கத்தில் அவருக்குக் கொழுப்பில்லாத இறைச்சியை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். சில நாட்களிலேயே குமட்டலும் வயிற்றுப்போக்கும் வந்தன. கொழுப்பைச் சேர்த்ததும் சரியாயிற்று. அதன்பின் அவர்களுடைய கலோரிகளில் முக்கால் பங்குக்கும் மேல் கொழுப்பிலிருந்தே வந்தது. இரண்டே மனிதர்களை வைத்து நடந்த ஆய்வு என்பதால் அதன் நீண்டகால முடிவுகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கொழுப்பில்லாத கோழி நெஞ்சுக்கறியையே தின்றுகொண்டு 'கீட்டோ (மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறை) ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்பவர்களுக்கு அந்த முதல் சில நாட்களின் கதை போதும். நான் தோலோடு தொடைக்கறியை வாங்குகிறேன். மெலிந்த மீனை உருக்கிய ஆட்டுக்கொழுப்பில் பொரிக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

இரண்டு உணவுகள்தாம் என்று எண்ணியிருந்தேன். இரண்டுக்குள் எத்தனையோ இருக்கின்றன. ஒரே சால்மன் துண்டத்தை இரண்டாக நறுக்கி, ஒரு பாதியைப் புதன்கிழமை வாங்கிய உடனே சமைத்து உண்டேன், ஒன்றும் நேரவில்லை. மறுபாதியைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் மூடி வைத்து இன்று மதியம் அதே வாணலியில், அதே கொழுப்பில் பொரித்தேன். வாசனையில் குறை சொல்ல முடியாது; சதையும் அடுக்கடுக்காகவே பிரிந்தது. தட்டைக் கழுவி வைப்பதற்குள் காது மடல்கள் சூடாயின. பிறகு கழுத்தின் இடப்பக்கம் காணாக்கடி போலத் தடித்துச் சிவந்தது. மாலைக்குள் அடங்கிவிட்டது. மூச்சுத் திணறலோ உதடு, நாக்கு வீக்கமோ வந்திருந்தால் அது வீட்டில் குறிப்பெழுதிக்கொண்டிருக்கும் விஷயம் அன்று. நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டியது.

மார்ச் 15, சனி

நேற்றையதற்கு, ஒவ்வாமை போலவே தடிப்பையும் சிவப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பது மருத்துவரின் கருத்து. என் கருத்தும் அதுவே. மீனின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் உண்டு. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகியவற்றில் அது மிகுதி. மீன் இறந்தபின் வெப்பத்தில் கிடந்தால் நுண்ணுயிரிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. உருவானபின் அதைக் கொதிக்க வைத்தாலும் உறைய வைத்தாலும் டின்னில் அடைத்தாலும் அழிவதில்லை. கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தரநிலை இத்தகைய மீன்களுக்கு ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பை வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் எவருக்கும் உபாதை வரலாம். குடலில் ஹிஸ்டமினைச் சிதைக்கும் டிஏஓ என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அந்த வரம்புக்கு மிகக் கீழேயே தொல்லை தொடங்கிவிடும். கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லதுதான், ஆனால் ஹிஸ்டமின் கண்ணுக்கும் மூக்குக்கும் அகப்படுவதில்லை. ஆகவே எந்த மீன் என்ற கேள்வியைவிட, பிடித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று, அதுவரை எங்கே கிடந்தது என்ற கேள்விகளே எனக்கு முக்கியமாகிவிட்டன. பிடித்த கப்பலிலேயே உறைய வைக்கப்பட்ட மீன், 'இன்று வந்தது' என்று பனிக்கட்டி மேல் அடுக்கியிருக்கும் மீனைவிட எனக்கு நம்பகமானது.

மார்ச் 23, ஞாயிறு

இறைச்சிக்கும் இதே கணக்குதான். மென்மைக்காக வாரக்கணக்கில் பதப்படுத்தித் தொங்கவிடும் மாட்டிறைச்சியை விட்டுவிட்டேன். வெட்டியவுடன் உறைய வைத்த ஆட்டிறைச்சி ஒத்துக்கொள்கிறது. கொத்துக்கறியைக் கடையில் வாங்காமல் வீட்டில் அரைத்து அன்றே உண்கிறேன். பல மணி நேரம் கொதித்த எலும்புச்சாறு தலைவலியைக் கொடுக்கிறது. குக்கரில் விரைவாக வெந்த எலும்பு கொடுப்பதில்லை. சமைத்து மீந்ததை உடனே பகுதி பகுதியாக உறைய வைத்துவிடுவதால் குளிர்பெட்டியில் குழம்புப் பாத்திரமே இல்லை. தொத்திறைச்சி உறைகளின் பின்புறத்தையும் படித்தேன்: பால் பொடி, ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரோஸ், மசாலாச் சாறு. இறைச்சி என்ற பெயரில் என் விலக்குப் பட்டியலில் பாதி அதற்குள் இருக்கிறது.

ஏப்ரல் 5, சனி

வாரம் ஒருமுறை ஈரல், அதுவும் சிறு துண்டு. ஃபோலேட்டுக்கும் சிறிது வைட்டமின் சிக்கும் அது உதவும். ஆனால் 100 கிராம் சமைத்த மாட்டீரலில் உள்ள வைட்டமின் ஏ, பெரியவர்களுக்கான அன்றாட உச்ச வரம்பான 3,000 மைக்ரோகிராமை இரண்டு மடங்குக்கும் மேல் தாண்டிவிடும். கால்சியம்தான் இன்னும் தீராத கணக்கு. முள்ளோடு உண்ணும் டின் மத்தி அதற்கு நல்ல வழி, எனக்கோ அது ஹிஸ்டமின் பெட்டி. மருத்துவர் மாத்திரை எழுதினார். அதில் நிரப்பியாகப் பால் சர்க்கரை இல்லாத ஒன்றைத் தேடிப் பிடிப்பதே தனி வேலையாகிவிட்டது.

ஏப்ரல் 19, சனி

இரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தன. ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு இறங்கியிருக்கிறது, 'கெட்ட' கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் நன்றாகவே ஏறியிருக்கிறது. தோல் அடங்கிவிட்டது என்பதற்காக இரண்டாவதை ஒதுக்கித் தள்ள நான் தயாராக இல்லை, மருத்துவரும் இல்லை. இந்தக் குறுகிய பட்டியலைக் காலம் முழுதும் வைத்துக்கொள்வதில்லை, ஒவ்வாதவற்றைக் கண்டுபிடிக்கும் கருவியாக மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம். ஐம்பது, நூறு உணவுகளுக்கு ஒரே இரத்தத் துளியில் விடை சொல்வதாக விளம்பரம் செய்யும் ஐஜிஜி (ஐஜிஇ அல்லாத வேறொரு எதிர்ப்பொருள்) பரிசோதனைகளை அவர் பரிந்துரைக்கவில்லை. அந்த உணவை உண்டிருக்கிறோம் என்பதைத்தான் அவை பெரும்பாலும் காட்டுகின்றன. ஆகவே ஒன்றைச் சேர்த்து, மூன்று நாள் கவனித்து, பிறகே அடுத்தது.

முதலில் முட்டை மஞ்சள் கரு, நன்றாக வேகவைத்தது, கால் பங்கு. முன்பு முட்டைக்கு எனக்கு வந்தது வயிற்று உபாதை மட்டுமே என்பதாலும், ஐஜிஇ எதிர்வினை இல்லை என்பதாலும் இதை வீட்டிலேயே செய்து பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை காலை, வேறு எதையும் மாற்றாமல், தொடங்குகிறேன்.