மழை இடித்த கோயிலும் ஒரு நாள் ஆட்டோவும்

புதுக்கோட்டையிலிருந்து நேற்று இரவுதான் திரும்பினேன். எந்த இடத்திற்கு எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். ஆனால் முதலில் ஏறிய நார்த்தாமலையைத் தாண்டி என் மனம் இன்னும் கீழே இறங்கி வரவில்லை.

அங்குள்ள மேலமலையின் வெற்றுப் பாறைச் சரிவில், மேற்கு நோக்கி நிற்கிறது விசயாலய சோழீச்சரம். பெயரில் சோழன் இருந்தாலும், 9ஆம் நூற்றாண்டுக் கோயிலான இதை எடுப்பித்தவர் முத்தரையர் குலத்துச் சாத்தன் பூதி. அவர் கட்டிய கற்றளி மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்தார் என்ற செய்தியை, வாயிற்காவலர் சிற்பத்தின் கீழே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதன் முன் குந்தி உட்கார்ந்து எழுத்துக்கூட்டியதில் ‘மழை’ என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. அந்த ஒரு சொல்லுக்காகவே மறுபடியும் அந்தப் பாறை ஏறுவேன். வெளியே சதுரமாகவும் உள்ளே வட்டமாகவும் அமைந்த கருவறையையும், எதிர்க் குடைவரையில் வரிசையாக நிற்கும் 12 திருமால் உருவங்களையும் அவசியம் பாருங்கள். உச்சிவெயிலில் பாறை அடுப்புக்கல்லாகச் சுடும் என்பதால் காலை எட்டு மணிக்குள் ஏறிவிடுவது நல்லது.

இனி ஆட்டோ. நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை மூன்றுக்கும் சேர்த்து 1,200 ரூபாய் என்று பேசி ஏறினோம். சித்தன்னவாசல் அடிவாரத்தில் நிறுத்திய ஓட்டுநர், காத்திருப்புக்குத் தனியாக 500 வேண்டும், குடுமியான்மலைக்கு மேலும் 400 ஆகும் என்றார். “அண்ணே, பேசினது மூணு இடத்துக்கும் சேர்த்துத்தானே?” என்று கேட்டதற்கு, “டீசல் விக்கிற விலைக்குக் கட்டுப்படியாகாதுங்க” என்பதே பதில். இரண்டு நாளுக்கு 3,000 ரூபாய் என்று எண்ணி எடுத்து வந்த நான் குடுமியான்மலையைக் கைவிட வேண்டியதாயிற்று. இது அப்பட்டமான ஏமாற்று. இந்த மூன்று இடங்களையும் சுற்றி வர ஒரே ஒரு பேருந்து கிடைத்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது. ஒரு மாவட்டம் தன் வரலாற்றுக்குச் செய்யும் முதல் மரியாதை, அங்கே போய்ச் சேர வழி செய்வதுதான்.

சித்தன்னவாசல் அந்தக் கோபத்தை ஆற்றியது. அங்குள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயிலின் விதானத்தில் ஓவியமாய் ஒரு தாமரைக் குளம்: மீன்கள், அன்னங்கள், யானைகள், தண்டோடு பூவைப் பறித்து ஏந்தி நிற்கும் ஆண்கள். பல இடங்களில் வண்ணம் உதிர்ந்துவிட்டாலும், ஓர் இலையின் பச்சை இன்னும் ஈரமாகவே தெரிந்தது. உள்ளறையில் காவலர் மெல்ல ‘ம்ம்ம்’ என்று முனக, சுவர் முழுவதும் அதிர்ந்து அந்த ஒலியை எங்கள் நெஞ்சுக்குத் திருப்பி அனுப்பியது. இந்தக் கோயிலையும் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் 9ஆம் நூற்றாண்டில் புதுப்பித்து முகமண்டபம் எடுத்ததாகப் பாறையில் தமிழ்ப் பாட்டாக வெட்டியிருக்கிறது. இன்று முன்னால் நிற்கும் தூண்கள் புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்களின் சமஸ்தானக் காலத்தில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தப்பட்டவை. நான் போக முடியாத ஊரின் கல் எனக்கு முன்பே இங்கு வந்து நின்றிருந்தது.

மலையின் இன்னொரு பக்கத்தில் உள்ள ஏழடிப்பட்டம் என்ற குகையையும் விட்டுவிடாதீர்கள். 17 சமணப் படுக்கைகளும், தமிழி எனப்படும் பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டும் அங்கே இருக்கின்றன.

இரவு புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தருகே ஒரு சிறு கடையில் பரோட்டாவும் முட்டை மாஸும் சாப்பிட்டோம். வெங்காயம் வதங்கிய மணத்தோடு தோசைக்கல்லிலிருந்து நேராக இலைக்கு வந்த அந்த முட்டை மாஸ், பகலில் ஆட்டோவுக்குக் கொடுத்த பணத்தைச் சற்று மறக்கச் செய்தது. மறுநாள் காலை திருக்கோகர்ணம் அரசு அருங்காட்சியகம். 1910இல் சமஸ்தானம் தொடங்கியது அது. ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று போய் மூன்று மணி நேரம் நின்றோம்.

ஏழு பண்களுக்குச் சுரம் எழுதிய குடுமியான்மலை இசைக் கல்வெட்டு பாக்கியிருக்கிறது. அடுத்த மாதச் சம்பளம் வந்ததும் முதல் பேருந்தில் போகிறேன். பேருந்து இறக்கிவிடும் இடத்திலிருந்து நடப்பதாக இப்போதே முடிவு செய்துவிட்டேன்.